வேலூரில் போல் பிராண்ட் கண்டதும் வன்னியில் ஆறாத புண்களும்: ஒரு கேள்விக்குப் பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அண்ணனுக்கு 2009இல் முள்ளந்தண்டில் ஷெல் சன்னம் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமற் போய்விட்டன. சக்கர நாற்காலியில் நடமாடும் அவருக்கு இருக்கைப் பக்கத்தில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. கிளினிக்கில் பார்த்த வைத்தியர், நான் எழுதித் தரும் மருந்தைவிட வேலூரில் போல் பிராண்ட் சொல்லிக்கொடுத்ததுதான் இதற்கு உதவும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நோயாளர் நெரிசலில் அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. யார் இந்தப் போல் பிராண்ட், தொழுநோயாளிகளுக்குக் கை ஒப்பரேஷன் செய்த ஒரு மிஷன் வைத்தியருக்கும் என் அண்ணனின் புண்ணுக்கும் என்ன சம்பந்தம், இதற்காக நாங்கள் வேலூருக்குப் போக வேண்டுமா என்று தம்பி கேட்கிறார்.

சம்பந்தம் உண்டு, அதுவும் நேரடியானது. வன்னி வைத்தியசாலைகளில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் ஏன் சிதைகின்றன என்ற கேள்விக்கு போல் பிராண்ட் கண்ட விடை, வலி உணராத எந்த உடலுக்கும் பொருந்தும் விடையாக அமைந்தது. அவருடைய புகழ் சத்திரசிகிச்சையால் வந்தது என்பது உண்மை. ஆனால் வன்னியில் இன்று நமக்குப் பயன்படுவது, அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே வந்து நோயாளியின் அடுப்பங்கரையையும் செருப்பையும் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

போல் வில்சன் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெசி பிராண்டும் எவலின் பிராண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மலையில் வீடு கட்டுவது, தச்சுவேலை பழக்குவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, சுவிசேஷம் சொல்வது என்று எல்லாவற்றையும் அவர்களே செய்தார்கள். சிறுவனான போல் 1923இல் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தகப்பனார் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்துபோனார். இடைப்பட்ட ஆண்டுகளில் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் காணவில்லை. தாயார் எவலினோ 1974இல் தம் 95ஆவது வயதில் இறக்கும் வரை, மிஷன் ஓய்வு கொடுத்த பின்னும் கூட, மலைக் கிராமங்களை விட்டு இறங்க மறுத்தவர்.

வைத்தியராவது பிராண்டின் முதல் விருப்பமாக இருக்கவில்லை. தகப்பனைப் போல மலையில் வீடு கட்டும் மிஷனரியாக வேண்டும் என்றே நினைத்து, இலண்டனில் சில ஆண்டுகள் கொத்துவேலையும் தச்சுவேலையும் பழகினார். மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஒரு குறுகிய வகுப்பில் சேர்ந்திருந்த காலத்தில், இரத்தம் இழந்து வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏற்றியபோது அவள் முகத்தில் நிறம் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அதன் பிறகே மருத்துவம் படிப்பது என்று முடிவு செய்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையில் படித்து, இரண்டாம் உலகப் போரில் நகரத்தின்மீது குண்டு விழுந்த காலத்தில் காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து தேர்ந்தார். 1943இல் உடன் படித்த மார்கரெட் பெரியை மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் பராமரிப்பில் பெயர் பெற்ற வைத்தியரானார். கைத்தொழில் பழகிய அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பது வேலூருக்குப் போன பிறகு தெரிந்தது.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவரை அழைத்தவர் தொழுநோய் நிபுணர் றொபேட் கொக்ரேன். வன்னியில் அந்த வைத்தியசாலையைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு; சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் கடன்பட்டுப் போய் வந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கும் நமக்கும் அதைவிடப் பழைய ஒரு தொடர்பு உண்டு. வேலூர் வைத்தியசாலையை 1900இல் ஒரு சிறு அறையில் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், அமெரிக்க மிஷனின் முதல் வைத்தியராக இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருந்து வேலை செய்தவர். 1836இல்தான் அவர் சென்னைக்குப் போனார்.

பிராண்டின் வாழ்க்கையைத் திருப்பிய நாள் வேலூரில் அமையவில்லை. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் அமைந்தது. 1947இல் கொக்ரேன் அவரை அங்கே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். தோலில் உள்ள தேமல்களைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்க, பிராண்டின் கண்கள் நோயாளிகளின் கைகளிலேயே நின்றன: கொக்கி போல் மடங்கியவை, விரல் குறைந்தவை, வெறும் அடிக்கட்டையாக நின்றவை. இவை ஏன் இப்படியாகின்றன, இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, நான் தோல் வைத்தியன், எலும்பு வைத்தியர் நீங்கள், உங்களவர்களில் ஒருவரும் இதுவரை இந்த நோயாளிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற பொருள்பட கொக்ரேன் பதில் சொன்னாராம். விரல்கள் மடங்கிக் கிடந்த ஒருவரிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பலமற்றது என்று தோன்றிய அந்தக் கை, நகம் பதிந்து நோகும்படி இறுக்கியது. கையைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நோயில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

விடை உடற்கூற்றில் இருந்தது. செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை இரவோடிரவாக அறுத்து நரம்புகளைத் தொடர்ந்து பார்த்தபோது, நரம்பு தோலுக்கு அருகே வரும் குளிர்ச்சியான இடங்களில் மட்டும் தடித்துச் சிதைந்திருப்பதும், ஆழத்தில் ஓடும் இடங்களில் நன்றாக இருப்பதும் தெரிந்தன. முழங்கையின் உட்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு, எங்காவது இடித்துக்கொண்டால் விரல் வரை கரண்ட் அடித்தது போல் விறைக்க வைக்குமே, அந்த அல்னர் நரம்புதான் முதலில் பழுதாகிறது. அதனால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிவிடுகின்றன. முன்கையில் உள்ள பெரிய தசைகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. செங்கல்பட்டில் அவர் கையை நோக இறுக்கியது அந்தப் பிழைத்த தசைகளின் பலம்.

பிழைத்த தசையை இழந்த வேலைக்கு மாற்றலாம் என்பதே அவருடைய சத்திரசிகிச்சையின் அடிப்படை. வாய்க்கால் தூர்ந்து காய்ந்த வயலுக்குப் பக்கத்து வாய்க்காலை வெட்டித் தண்ணீர் திருப்புவதைப் போன்ற வேலை அது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணை, பிரித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் அதை நீட்டி, நான்கு கிளையாகப் பிரித்து நான்கு விரல்களிலும் கொண்டுபோய்த் தைப்பார்கள். சில வாரம் மாக்கட்டுப் போட்டுவைத்து, பிறகு மணிக்கட்டைத் தூக்க நினைத்தால் விரல் நிமிரும் என்ற புதிய பழக்கத்தை மூளைக்குக் கற்பிக்க வேண்டும். இந்தப் பாதி எங்கள் தொழிலைச் சேர்ந்தது, இது நடக்காவிட்டால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பயனில்லை. முன்னால் தொங்கிப் போன பாதத்தைத் தூக்கவும், மூட முடியாத கண்ணிமையை மூட வைக்கவும் இதே முறையில் தசைநாண்களை மாற்றினார்கள். பொது வைத்தியசாலைக்குள் தொழுநோயாளியை ஏற்றுவதற்கே எதிர்ப்பு இருந்த காலம் அது. பெரும்பாலான கைகள் குணமாகாதவை என்று கைவிடப்பட்டிருந்தன என்பதால், தோற்றாலும் நோயாளி இழக்க அதிகம் இல்லை என்ற துணிவிலேயே 1948 அளவில் முதற் சத்திரசிகிச்சைகள் தொடங்கின.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு திறமையான கைச் சத்திரசிகிச்சை நிபுணர், அவ்வளவுதான். ஆனால் திருத்தி அனுப்பிய கைகள் சில மாதங்களில் புதுப் புண்களோடு திரும்பி வந்தன. தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் முழுவதும் நம்பியிருந்தது, வைத்தியர்கள் உட்பட. பிராண்டின் குழுவோ சத்திரசிகிச்சையில் வெட்டிய இடங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதைப் போலவே இவர்களுக்கும் ஆறுவதைக் கண்டது. அப்படியானால் சதையில் குறை இல்லை; வெளியிலிருந்து ஏதோ ஒன்று புண்ணை உண்டாக்குகிறது. ஒவ்வொரு காயத்தையும் படம்பிடித்து, அதற்கு முதல் நாள் நோயாளி என்ன செய்தார், எதைத் தொட்டார், எங்கே படுத்தார் என்று துப்பறிவதைப் போல விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அந்த விசாரணையில் கிடைத்தவை பல இடங்களில் பதிவாகியுள்ளன. துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க பிராண்ட் முயன்று முடியாமற் போக, பத்து வயது மதிக்கத்தக்க, தொழுநோயுள்ள ஒரு பையன் திறப்பை வாங்கி ஒரே முறுக்கில் திறந்தான். கீழே இரத்தச் சொட்டு விழுந்திருப்பதைக் கண்டு பையனின் கையை விரித்துப் பார்த்தால், திறப்பு அவன் விரலைத் தோலும் கொழுப்பும் கிழிய எலும்பு தெரியும் வரை வெட்டியிருந்தது; அவனுக்கு எதுவும் தெரியவில்லை. நமக்குத் திறப்பு விரலை அழுத்தும்போதே வலி எழுந்து, இதற்கு மேல் முறுக்காதே என்று தடுத்துவிடுகிறது. அந்தத் தடை அவனிடம் இல்லாதபடியால்தான் அவன் நம்மைவிடப் பலசாலி போலத் தெரிந்தான். கரிநெருப்புக்குள் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்ததையும் பிராண்ட் கண்ணால் கண்டார். இரவில் படுத்தவர் காலையில் எழும்போது விரலின் ஒரு துண்டு காணாமற் போயிருந்ததற்கும் காரணம் தெரிந்தது: தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, அவர் விழிக்கவில்லை. அதன் பிறகு வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பொருத்தமான ஒரு மருந்துச்சீட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பாதப் புண்ணுக்கு அவர் கையாண்ட வழியில் நாம் பெருமைப்பட ஒரு செய்தி இருக்கிறது. உணர்விழந்த பாதத்தில் குழிவிழுந்த புண் வந்தவர், வலியில்லாதபடியால் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பார். அந்தக் காலை விரலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை உடலோடு ஒட்டிய மாக்கட்டுக்குள் வைத்தால், பாரம் பாதம் முழுவதும் பரவி, புண்ணின் மேல் விழும் அழுத்தம் நீங்கி, மருந்தே இல்லாமல் பல புண்கள் ஆறிவிடுகின்றன. இந்த முறையை 1930களில் இலங்கையில் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தியவர் நமது நாட்டின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போல். அதை வேலூரில் வளர்த்து, பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டு போய், நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொதுவாக்கியவர்களில் முதன்மையானவர் பிராண்ட். ஆறிய பாதம் மீண்டும் உடையாமல் இருக்க, நுண்துளைகள் நிறைந்த மென்மையான றப்பரால் உள்ளடியும், முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான றப்பரால் வெளியடியும் வைத்த செருப்புகளை அங்கே செய்தார்கள். தச்சரும் செருப்புத் தைப்பவரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று ஒரு செருப்பின் வாரைப் பற்றி விவாதித்த வைத்தியசாலை அது. கொத்துவேலை பழகிய பிராண்டுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்பது இயல்பாக வந்தது.

கை திரும்பக் கிடைத்தவர்கள் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போது விரல்கள் நேராகிவிட்டபடியால் யாரும் பிச்சை போடுவதில்லை, தழும்பைக் கண்டு யாரும் வேலையும் தருவதில்லை என்று ஒரு நோயாளி வந்து முறையிட்டார். அந்த முறைப்பாட்டின் விளைவாக 1951இல் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகளோடு ஒரு குடியிருப்பு அமைந்தது. உணர்வில்லாத கைகளால் காயப்படாமல் தச்சுவேலை செய்வது எப்படி என்று பிராண்ட் அங்கே தாமே கற்றுக்கொடுத்தார்: உளியின் பிடியை எவ்வளவு பருமனாக்குவது, ஒரே கருவியை எவ்வளவு நேரம் பிடிக்கலாம், எப்போது நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்ப்பது என்பவை அங்கே பாடங்கள். மிஷன் பிரசுரங்கள் இவரை ஒரு தனிமனிதப் புனிதராகவே வரைகின்றன. எனக்கு அந்தச் சித்திரத்தில் ஈடுபாடு இல்லை. கொக்ரேன் வழிகாட்டியிராவிட்டால், வேலூருக்கு அருகே கரிகிரித் தொழுநோய் நிலையத்தில் இந்த வேலையைத் தொடர்ந்த ஏர்னஸ்ட் ஃபிரிட்சி போன்றவர்கள் இல்லாவிட்டால், முறைப்பாடு சொல்லத் துணிந்த அந்த நோயாளி இல்லாவிட்டால், இவையெல்லாம் ஒரு சத்திரசிகிச்சை நுட்பமாகச் சுருங்கியிருக்கும். முறைப்பாட்டை நன்றிகெட்டதனம் என்று தள்ளாமல், தம் சிகிச்சையில் விடுபட்ட பாதியாக அவர் எடுத்துக்கொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் அண்ணனுக்கு மிக நெருங்கிய கதை வேறொருவருடையது. வேலூரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைச் சத்திரசிகிச்சையை இருந்துகொண்டே செய்யலாம், நிற்கத் தேவையில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் பிராண்ட். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அத்துறையை வேலூரில் தலைமையேற்று வளர்த்தார். 1966இல் வேலூரின் பாகாயத்தில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் இன்று அவருடைய பெயரைத் தாங்குகிறது. நாற்காலியில் இருக்கும் நோயாளியிடம் நாற்காலியில் இருக்கும் வைத்தியர் பேசும்போது, அதிலுள்ள கண்டிப்பை நோயாளி மறுக்க முடியாது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் இடத்திலிருந்த தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்று, 1986 வரை அங்கே புனர்வாழ்வுப் பகுதியை நடத்தினார். அங்கே தெரியவந்த உண்மைதான் உங்கள் அண்ணனுக்கு வந்தது போன்ற படுக்கைப் புண்ணை, அதாவது அழுத்தத்தால் வரும் புண்ணை, நேரடியாக விளக்குகிறது. உடலைச் சிதைப்பது பெரும்பாலும் கத்தியோ நெருப்போ அல்ல. தாங்கக்கூடிய சாதாரண அழுத்தம் ஒரே இடத்தில் ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப, அல்லது நீண்ட நேரம் தொடர்ந்து, விழுவதுதான். உணர்வுள்ளவர் நடக்கும்போது கால் சற்று நொந்தால் தன்னையறியாமல் நடையை மாற்றுகிறார், கதிரையில் இருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு தடவை சரிந்து அசைகிறார், தூக்கத்திலும் புரள்கிறார். உணர்வில்லாதவர் அசையாமல் அதே இடத்தில் பாரத்தை வைத்திருக்கிறார். முதலில் அந்த இடம் சூடேறிச் சிவக்கிறது, பிறகு உடைகிறது. உடைவதற்கு முன் உள்ள அந்தச் சிவப்பைக் கையாலும் கண்ணாலும் கண்டுபிடித்தால் புண் வராது.

இழந்த வலிக்குப் பதிலாக ஒரு கருவியைச் செய்யவும் அவர் முயன்றார். அழுத்தத்தை அளக்கும் உணரிகள் வைத்த கையுறையும் சப்பாத்தும் ஆபத்து வரும்போது ஒலி எழுப்பின. நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்வு எஞ்சியிருந்த ஓரிடத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலையை முடிக்க வேண்டும் என்று நினைத்தவர் அந்த நேரத்துக்குக் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார், பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார். நிறுத்திவைக்க முடிந்த வலி வலியாக வேலை செய்யாது என்று கண்டு, அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 1960இல் அமெரிக்காவின் மருத்துவ விருதான லாஸ்கர் விருதும் அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் விருதும் அவருக்குக் கிடைத்தன. 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார்.

இனி வன்னிக்கு வருகிறேன். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் இனங்காணப்படுகிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உணர்வு குறைந்த தேமலோடு வருபவரை மறைக்காமல் கொண்டுவந்தால் கை மடங்கும் நிலைக்கே போக வேண்டியதில்லை. ஆனால் நம் பகுதியில் உணர்விழந்த உடல்கள் பெரும்பாலும் வேறு இரண்டு வழிகளில் வந்தவை. ஒன்று போர். முழங்கையில் சன்னம் பட்டு அல்னர் நரம்பு அறுந்தவரின் கைக்கும் தொழுநோயாளியின் மடங்கிய கைக்கும் பார்வையில் வேறுபாடு குறைவு. இருவருக்கும் தசைநாண் மாற்றும் அதே வகைச் சத்திரசிகிச்சை பொருந்தும். அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது சுண்டுவிரல் பக்கம் பொசுங்கி, இரவு சாப்பிடும்போதுதான் கொப்புளத்தைக் கண்ட அக்காமாரை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றது நீரிழிவு. மிதிவெடியில் ஒரு காலை இழந்து, பொய்க்காலோடு வயலும் கடலும் செய்து குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டுகிறார்கள். அவர்களில் சீனி வருத்தம் வந்தவர்களுக்கு எஞ்சிய ஒரு காலின் உணர்வு மெல்லக் குறைகிறது. உடலின் பாரம் முழுவதும் அந்தக் காலில்தான் விழுகிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து வெறுங்காலோடு தார் வீதியில் நடப்பவர்களுக்கும், ஆவணியில் மடுவுக்கு நடப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: போகும் முன் கிளினிக்கில் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை தொடுவதை உணராதவர், நேர்த்தியை வேறு வழியில் நிறைவேற்றலாமா என்று பூசாரியிடமோ சுவாமியாரிடமோ கேட்பது நல்லது. கேட்டவர்களை அவர்கள் திட்டி அனுப்பியதாக நான் அறியவில்லை.

உங்கள் அண்ணனின் புண்ணைப் பற்றிச் சொல்வதானால், பிராண்ட் செய்ததைப் போல முதலில் விசாரியுங்கள். நாற்காலியின் மெத்தை பள்ளமாகிப் பலகையைத் தொடுகிறதா என்று கையை அடியில் விட்டுப் பாருங்கள். முற்றத்து வெயிலில் நிறுத்திவைத்த நாற்காலியின் றெக்சின் இருக்கை சுட்டுக் கிடக்கும்போது அதில் ஏறியிருக்கிறாரா? காற்சட்டையின் பின்பக்கத்துப் பையில் பர்ஸ், திறப்பு, கைத்தொலைபேசி ஏதும் வைக்கிறாரா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது உடலைத் தூக்காமல் இழுத்து மாறுகிறாரா? கழிப்பறைக்குப் போகும் வழியில் எங்காவது உரசுகிறதா? மூன்று நான்கு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்படும். சைக்கிள் டியூபை வட்டமாக ஊதி இருக்கைக்கு அடியில் வைப்பது நம் ஊரில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள், வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள இடத்தை நெருக்கி இரத்தவோட்டத்தைக் குறைத்துவிடும்.

புண் இருக்கை எலும்பின் மேல் இருக்கிறதென்றால், அது ஆறும் வரை அதன்மேல் இருக்கவே கூடாது. இது கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் இதைக் கடைப்பிடிக்காமல் பூசும் எந்தக் களிம்பும் காசுக்கு நட்டம். குப்புறப் படுத்தபடி சாப்பிடவும் படிக்கவும் பேசவும் வசதி செய்து கொடுங்கள். நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, கால்விரல் நிலத்தில் அழுந்தாதபடி கணுக்காலுக்கு அடியில் இன்னொன்று. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிலை மாற்ற வேண்டும். ஆறிய பிறகு நாற்காலியில் இருக்கும்போது கால்மணி, அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை முன்பக்கம் நன்றாகக் குனிந்தோ பக்கத்துக்குச் சரிந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பாரத்தை எடுத்துவிடப் பழக்குங்கள்; வானொலியோ தொலைபேசியின் மணியோ ஞாபகப்படுத்தினால் போதும். காலையும் மாலையும் ஒரு கண்ணாடியைப் பிடித்து அவரே தன் பின்பக்கத்தைப் பார்க்கட்டும். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, அரைமணி நேரம் பாரம் எடுத்த பின்னும் மறையாத சிவப்பு, கறுத்த தோலில் சூடாகவோ கடினமாகவோ தட்டுப்படும் இடம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு விடுமுறை. அவருக்காக நீங்கள் பார்ப்பதைவிட அவர் தன் உடலைத் தானே பார்ப்பது முக்கியம். வீட்டார் களைத்துவிடுவார்கள், திருமணமாகிப் போவார்கள், வெளிநாடு போவார்கள்.

வேலூருக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு, இந்தப் புண்ணுக்காக என்றால் தேவையில்லை என்பதே என் பதில். ஆழமான புண்ணைப் பக்கத்துத் தசையும் தோலும் கொண்டு மூடும் சத்திரசிகிச்சை இலங்கையிலேயே செய்யப்படுகிறது. ஆனால் பாரம் விழும் பழக்கம் மாறாமல் அதைச் செய்தால் மூடிய இடமும் திரும்ப உடையும், ஆகவே பழக்கத்தை முதலில் மாற்றிவிட்டு அதைப் பற்றிக் கேளுங்கள். புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்பட்டாலோ, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, சுற்றியுள்ள தோல் கறுத்துப் பரவினாலோ, கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். நாற்காலியையும் மெத்தையையும் சேர்த்துக் கொண்டு போங்கள். அவற்றைப் பார்க்காமல் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவார்களானால், மெத்தையையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.